பருப்புக்கு அடியில் பேப்பர்

மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ருக்மிணிக்கு இங்கிலீஷ் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிஜம் வேறு. கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்னால், கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் ஊரில் உள்ள எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் நடத்திய இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டியில், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறி, பையன்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்த சாம்பியன் அவள்தான். துரைசானியே தன் கையால் பதக்கம் குத்திவிட்டாள். அப்பா சீனிவாசராகவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வரன் தேட ஆரம்பித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. "மிஷன்ல படிச்ச பொண்ணாமே, மேடையெல்லாம் ஏறுவாளாமே" என்று இரண்டு இடம் கைநழுவிப் போயிற்று. அடுத்ததாக, இப்போது அவள் புருஷனாக இருக்கும் ரங்காவின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, "கன்னடம் மூணாங்கிளாஸோட நிறுத்திட்டோம். இங்கிலீஷ் வாசனையே கிடையாது" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். பதக்கம் அரிசிப் பானைக்குள் போயிற்று. பொய்யையும் அதோடு சேர்த்துப் போட்டு மூடியிருந்தால் தேவலை. அது ருக்குவோடு புக்ககத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அதைக் கட்டி மேய்ப்பதற்குள் ருக்குவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு தடவை ஆண்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் தந்தி வந்தது. மாமியார் பாமா தந்தியைக் கண்டதுமே யாருக்கு என்ன ஆச்சோ என்று கலங்கிப்போய் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சௌக்கியம் என்று ருக்குவின் கண் ஒரே பார்வையில் படித்துவிட்டது. வாய்தான் திறக்கக் கூடாதே. பக்கத்து வீட்டு மாமா குளித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து படிக்கும்வரை நெருப்பின்மேல் நிற்பதுபோல நின்றாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே சுகம் மத்தியானம்தான். ரங்கா படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பரைக் கூடத்தில் விரித்து, அதன்மேல் பருப்பைக் கொட்டுவது பாமாவின் வழக்கம். ருக்கு கல் பொறுக்க வேண்டும். பருப்பை இந்தப் பக்கம் தள்ளினால் லண்டன் செய்தி, அந்தப் பக்கம் தள்ளினால் கிரிக்கெட். ஊரில் எந்த மருமகளும் இத்தனை சிரத்தையாகக் கல் பொறுக்கியிருக்க மாட்டாள். இவ்வளவு நேரமா என்று மாமியார் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று ருக்கு நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு மத்தியானம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கியவள் நோரா. ருக்குவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அவளுக்கு அடுத்த வருஷத்துச் சாம்பியன்.

ருக்கு அவசரமாகப் பருப்பை வாரிப் பேப்பரை மூடினாள். பாமா எதிரிலேயே உட்கார்ந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். நோரா வாயைத் திறந்தால் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும். பொய்க்காரன் பெண் என்ற பேரோடு இந்த வீட்டில் காலம் தள்ள வேண்டும்.

"உன்னைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு, ருக்கு!" என்றபடியே நோரா உள்ளே வந்தாள். ருக்கு கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், உதட்டைக் கடித்தாள். நோராவா கவனிப்பாள்? சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

"ஸ்கூல்ல ஜூபிலி. ஸ்பெல்லிங் காம்பெடிஷன் ஜெயிச்ச பழைய சாம்பியன் எல்லாரையும் மேடையில உக்கார வைக்கப் போறோம். தியோடர் வர்றான். ஜட்ஜ் ஆவான்னு எல்லாரும் சொன்னாங்களே, இப்ப கல்யாண பேண்டுல கிளாரினெட் ஊதறான், சந்தோஷமா இருக்கான். டென்சில் ரயில்ல கார்டு. மௌரீன் ஆஸ்பத்திரியில நர்ஸ். நான் அதே ஸ்கூல்லயே டீச்சர். உன்னைத்தான் காணோம்னு எல்லாருக்கும் கவலை. நீ சும்மா வந்து உக்காந்தா போதும்."

ருக்குவின் கை பருப்புக்குள் அப்படியே நின்றுவிட்டது. மாமியாரை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பாமா திரியைக் கீழே வைத்தாள். "ஏம்மா, இவ ஜெயிச்ச அன்னிக்கு, கடைசி வரைக்கும் எதிர்த்து நின்னு தோத்துட்டு, மேடையிலேயே ஓன்னு அழுதானே ஒரு பையன், ஞாபகம் இருக்கா?"

"ஐயோ, மறக்க முடியுமா! குடுமி வச்சுக்கிட்டு... நெஞ்சுல நம்பர் குத்தியிருந்தாங்களே, பேருகூடத் தெரியாது."

"அவன் பேர் ரங்கா. இவ ஆத்துக்காரன்."

ருக்குவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா! உங்களுக்கு..."

"நான்தானே அவனை ஜட்காவில வச்சு அழைச்சுண்டு போனேன். பின்னாடி பொம்மனாட்டிகளோட நின்னுண்டிருந்தேன். ஜெயிச்சவ பேரைக் கூவினா பாரு, அதைப் பிடிச்சுண்டேன். என் பிள்ளையை அழ வச்சவளை வெளியில விடறதாவது? அலைஞ்சு திரிஞ்சு உங்காத்தைத் தேடிண்டு வந்தா, உங்கப்பா இங்கிலீஷ் வாசனையே இல்லைங்கறார்! சொல்லும்போதே மனுஷருக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு. சம்பந்தியாகப் போறவரைச் சபையில குத்திக்காட்டறதான்னு வாயை மூடிண்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் கேக்கலே?"

"நீயா சொல்லுவே, சொல்லுவேன்னு பார்த்தேன். நீ கல்லுப்பிள்ளையாரா இருந்தே. தந்தி வந்தப்போ உன் மூஞ்சி மலர்ந்ததைப் பார்த்துத்தான்டி எனக்கு மூச்சே வந்தது. அந்த மாமா படிச்சதை யார் கேட்டா?"

ருக்கு அழுதாள், சிரித்தாள், எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை காலம் தலையில் சுமந்ததை யாரோ கைகொடுத்து இறக்கிவைத்ததுபோல் உடம்பே லேசாகிவிட்டது. அப்பா தப்பித்தார். தானும் தப்பித்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவனா? அழுத அழுகையில உன் பேரும் அவன் காதுல விழலே, மூஞ்சியும் மனசுல நிக்கலே. தெரிஞ்சிருந்தா உன் கழுத்தில தாலி ஏறியிருக்காது. ரோஷக்காரன். ஜூபிலிக்கு அழைச்சுண்டு போய் முன் வரிசையில உக்கார வைப்போம். தானா தெரிஞ்சுக்கட்டும்." பிறகு நோராவின் பக்கம் திரும்பி, "நாங்க மூணு பேரும் வரோம்மா. இரு, காபி கலந்து தரச் சொல்றேன்" என்றாள்.

காபி குடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே நோரா போய்ச் சேர்ந்தாள். ருக்கு பழக்க தோஷத்தில் மறுபடியும் பருப்பின் முன்னால் உட்கார்ந்து கையை வைத்தாள்.

"போறும், விடு" என்றாள் பாமா. "அதில கல்லே இல்லை. காலம்பறவே நான் பொறுக்கியாச்சு."

"அப்போ..."

"தினமும்தான். வேற எப்படிடி உன் முன்னால பேப்பரை விரிக்கறது?"

பாமா பருப்பை முறத்தில் வழித்து ஓரமாக வைத்தாள். பேப்பரை ஒரு உதறு உதறி மருமகளின் மடியில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"இத்தனை நாள் நீ மட்டும் படிச்சுண்டே. இன்னிக்கு எனக்கும் சேர்த்து, சத்தமாப் படி."