பூ வாசம் ஆகாத வீடு

புருஷனின் தலைமாட்டில் முத்தாயி ஏற்றிவைத்த ஊதுபத்தியைச் சிவகாமசுந்தரி மறுபடியும் விரலால் நசுக்கி அணைத்தாள்.

"என்னடி செய்யிற? சாவு வீட்டுல பத்தி இல்லாம எப்படி?"

"அவருக்கு ஆகாதுக்கா."

"இனிமே ஆனா என்ன, ஆகாட்டி என்ன?" என்று கேட்டுவிட்டு முத்தாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முத்தாயி அவளுக்குப் பெரியம்மா மகள். பிறந்த வீட்டுச் சார்பில் கோடிச் சேலையும் மல்லிகைச் சரமும் கொண்டுவந்திருந்தாள். புருஷன் போனவளுக்குக் கடைசியாக ஒருமுறை தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடுவது வழக்கம். சிவகாமசுந்தரி பூவை உள்ளே விடவில்லை. வந்த மாலைகளையும் கீழே அஞ்சடி நடைபாதையிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். வாழையிலையில் கட்டிய மல்லிகைப் பொட்டலம் மாடிப்படியில் கிடந்தது.

அன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதே அவள் புருஷன் மருதப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் விஸ்கியைச் சோதித்துச் சொல்வது அவர் வேலை. பல சரக்குகளைக் கலந்து வருஷக்கணக்கில் ஊறவிட்ட பழைய விஸ்கி கப்பலில் பீப்பாய் பீப்பாயாக வரும். அப்படியே வாயில் வைத்தால் நெருப்பு. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மோந்து, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு, இது தேறும், இது தேறாது என்பார். "தண்ணி விட்டாத்தான் அது வாயத் தொறக்கும்" என்று ஒருநாள் அவளிடம் விளக்கினார். அவர் வீட்டில் வாய் திறந்து பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

அவர் துப்புகிறவர்தான், குடிக்கிறவர் இல்லை. பஃபலோ ரோட்டில் இதை யாரும் நம்பவில்லை. அவர் சட்டை வாசமே தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. சிவகாமசுந்தரி மட்டும் நம்பினாள்.

கல்யாணமான புதிதில் அவள் தலை நிறைய மல்லிகையோடு தூங்கியிருக்கிறாள். மறுநாள் மருதப்பன் ஒரு மட்டமான பீப்பாயை மோந்துவிட்டு, லேசாகப் பூ வாசம் வருகிறது, அருமையான சரக்கு என்று கிடங்குத் துரையிடம் சொல்லிவிட்டார். பூ வாசம் பீப்பாயில் இல்லை, அவர் காலரில் இருந்தது. வேலை தப்பியது பெரிய விஷயம். அவர் அவளைத் திட்டவில்லை. அவளாகவே பூவை விட்டாள். பிறகு சந்தன சோப்பை விட்டாள், சாம்பிராணியை விட்டாள். பூண்டும் பெருங்காயமும்கூடப் போயின. அவருக்கு வெறும் பருப்பும் சோறும். தனக்கென்று வைத்த குழம்பை அவர் கிளம்பிப் போனபிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். பேச்சுத் துணைக்குப் பிள்ளையும் இல்லை. சிராங்கூன் சாலைப் பூக்காரர்கள் அவளைக் கண்டால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

"தீபாவளியோட வேலைய விட்டுர்றேன். மொதப் பூவ நானே வாங்கித் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் வருஷத்துத் தீபாவளி இன்னும் வரவில்லை.

அதனால் அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவர் வாங்கித் தராத பூ தன் தலையில் ஏறக்கூடாது. எந்த வாசமும் இல்லாமல், அவருக்கு ஆகிறபடி அவர் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

கிடங்கில் லேபிள் ஒட்டும் காதர் மைதீன் படியேறி வந்தார். மருதப்பனின் கால்மாட்டில் நின்று சத்தமில்லாமல் அழுதார்.

"நீங்களாவது சொல்லுங்க பாய்" என்றாள் முத்தாயி. "அவரு மூக்குக்கு ஆகாதாம். பூவே வேணாங்கிறா."

காதர் மைதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மதினி, அண்ணனுக்கு வாசனையே தெரியாது."

சிவகாமசுந்தரி நிமிர்ந்தாள்.

"முந்தின வருஷம் பெரிய காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போயிருச்சு. மண்ணெண்ணெயக் காட்டுனாக்கூடத் தெரியாது."

"அப்ப வேலை?"

"நான் மோந்து சொல்லுவேன். வாயில வைக்க மாட்டேன், ஹராம்லா. பழைய மரம், கருகுன சீனின்னு என் மூக்குக்குப் பட்டத மெதுவாக் காதுல சொல்லுவேன். இனிப்பு, எரிச்சல் எல்லாம் அவரு நாக்குல பாத்துக்குவாரு. துரைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

"எங்கிட்ட அவரு ஏன் சொல்லல?"

"கேட்டேன் மதினி. 'இத்தன வருஷமாப் பூ வைக்காம இருந்துட்டா காதர், இப்பப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது'ன்னாரு. அதுக்கு மேல நானும் கேக்கல."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோயிலுக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் உட்காருவாள். போன வெள்ளிக்கிழமைகூட அப்படித்தான். ஈரத் தலையோடு அவள் வந்து உட்கார்ந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருமிவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. இந்த ஒரே அறைக்குள் அவள் ஒரு பக்கம் தனியாக இருந்திருக்கிறாள், அவரும் ஒரு பக்கம் தனியாக இருந்திருக்கிறார்.

எழுந்து படிக்குப் போனாள். பொட்டலத்தைக் கொண்டுவந்து முத்தாயி கையில் கொடுத்துவிட்டு, அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்து குனிந்துகொண்டாள்.

முத்தாயி சரத்தைப் பிரித்து அவள் தலையில் வைத்தாள். கொண்டை பூவுக்குள் மறைந்தது. மல்லிகை வாசம் அறை முழுக்க நிறைந்தது. கீழே சவ வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள்.

"இவ்வளவுதானாக்கா?"

"போதும்டி, தல கொள்ளாது."

"போதாது."

முத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காதர் மைதீன் செருப்பை மாட்டிக்கொண்டு பூக்கடைக்கு இறங்கிப் போனார். அவர் திரும்பி வரும்வரை வண்டி தெருவில் நின்றது.