சின்னவளின் இருமல்

நாலாம் மாடித் தையல்காரியின் இரண்டாவது மகளை யாரும் பெறவில்லை. ஆறு வயதான மூத்த மகள் ஒரு மழை நாள் மத்தியானம், வேறு வேலையில்லாமல், தனக்கு ஒரு தங்கை இருப்பதாக நினைத்தாள். தங்கையும் வந்து தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். லிப்ட் நின்று போனதைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட அந்தக் கட்டடத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. இன்னொரு பிள்ளை தங்காது என்று டாக்டர் கையை விரித்திருந்த சமயம் அது. தையல்காரி மறுபேச்சில்லாமல் அளவு நாடாவை எடுத்துச் சின்னவளுக்கு ஒரு கவுன் தைத்தாள். தங்கச்சிக்குக் கன்னத்தில் குழி விழும், தங்கச்சிக்குக் கேரட் ஆகாது என்று பெரியவள் தினமும் எதையாவது சொல்லுவாள். சொன்னது சொன்னபடி நடந்தது. மூன்று வருடத்தில் எட்டு முறை கவுனின் மடிப்பைப் பிரித்து நீட்ட வேண்டியிருந்தது.

பெரியவளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு, லிப்ட் மெக்கானிக்கான அப்பா ஒரு பேசும் கரடி பொம்மை வாங்கி வந்தார். கரடியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது, பெரியவளை வகுப்பில் முதலாவதாக வரவைத்தது. என்ன, அவள் ஒரு கதையை ஆரம்பித்தால் கரடி முடித்துவிடும். அவள் நினைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முதல் மாதம் சின்னவளின் கன்னக்குழி போயிற்று. அப்புறம் நிழல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாம். தையல்காரி பதறிப்போய் கரடியின் பேட்டரியைக் கழற்றிப் பட்டன் டப்பாவில் ஒளித்துவைத்தாள். பெரியவள் மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்துக் கரடியையே நினைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அது பேட்டரி இல்லாமலே பேசத் தொடங்கியது.

"ஒரு தடவ சொல்லுடி. உன் தங்கச்சி எப்படி இருப்பா? ஒரே ஒரு தடவ," என்று தையல்காரி மகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

பெரியவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. கரடியிடம் கேட்டாள். வந்த முதல் நாள் அவள் சொல்லிவைத்ததை அது அவள் குரலிலேயே சொன்னது: "தங்கச்சிக்கு இருமல். மெதுவா பேசு." அதற்கு மேல் கரடிக்கு எதுவும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கவுன் நாற்காலியில் காலியாகக் கிடந்தது. மெக்கானிக் லிப்ட் குழிக்குள்ளெல்லாம் இறங்கித் தேடினார். தையல்காரி பைத்தியம் பிடித்தவள் போலக் கரடியின் வயிற்றிலிருந்த பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் கரடி "தங்கச்சிக்கு இருமல்" என்றது, உடனே நாற்காலியிலிருந்து சளி கட்டிய ஒரு சின்ன இருமல் கேட்டது.

பெரியவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்ப் பல வருடமாகிறது. கரடியை விட்டுவிட்டுத்தான் போனாள். தையல்காரி தினமும் காலையில் பொத்தானை அழுத்தி, இருமல் வந்த பக்கமாக அரை ஸ்பூன் மருந்தை நீட்டுகிறாள். ஸ்பூன் காலியாகிறது.

"குழந்தைக்கு இன்னுமா இருமல் நிக்கல?" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"நிக்கக் கூடாதுங்க," என்பாள் அவள்.

அவரும் சரியென்று தலையாட்டிவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்.