வெறும் அரிதாரம்

கல்லையும் மண்ணையும் பொடித்துப் பார்த்துப் பெயர் சொல்வது அக்காவின் பிழைப்பு. பழைய சிலையோ சுவர் ஓவியமோ எது உதிர்ந்தாலும், அருங்காட்சியகத்துக்காரர்கள் ஒரு துணுக்கை அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பிக்கு மரவேலை. உடைந்ததை ஒட்டுவான், அழுக்கேறியதைத் துடைப்பான். ஒரு நாடக அரங்கின் பழைய மர முகமூடிகள் அவனிடம் வந்தபோது, மஞ்சள் பூச்சில் ஒரு செதிளை அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தான்.

"என்னக்கா அது?"

"அரிதாரம்டா," என்றாள் அக்கா, கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சொன்னது மண்ணுக்குள்ளிருந்து தோண்டும் மஞ்சள் கனிமத்தை. கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. நிறம் மஞ்சளானாலும் பச்சை விஷம். அவன் கேட்டுக்கொண்டது நடிகர்கள் முகத்தில் பூசும் அரிதாரத்தை. நாடக முகமூடியில் வேறென்ன இருக்கும்? ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். "ஜாக்கிரதை" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவள் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? அன்றைக்கு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.

பழைய பூச்சைத் துடைக்க எச்சிலைப் போல ஒன்று கிடையாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து ஈரமாக்கி, மெல்ல உருட்ட வேண்டும். மஞ்சளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தம்பி தூசி என்று நினைத்தான். வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தக் கனிமம் சிதைந்து வெள்ளைப் பாஷாணமாக மாறியிருந்தது. மஞ்சளாவது சுலபத்தில் கரையாது. இது எச்சிலிலேயே கரையும். அந்தப் பஞ்சைத் திரும்பத் திரும்ப வாயில் வைத்தான், மடையன்.

வாந்தி வந்தது, கண்ட இடத்தில் தின்றதால் என்றார்கள். கால் மரத்துப்போனது, உட்கார்ந்தே கிடப்பதால் என்றார்கள். அக்கா பார்க்க வந்தபோது அவன் உள்ளங்கை தடித்துச் சொரசொரவென்று இருந்தது. ஆர்சனிக் உடம்பில் ஏறினால் தோல் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவன் வேலை செய்யும் பின்னறையைத் திறக்கச் சொன்னாள். மேசையில் முகமூடி, பக்கத்தில் மஞ்சள் ஏறிய பஞ்சுக் குச்சிகள்.

"இதையா வாயில வச்சே?"

"நீதானேக்கா அரிதாரம்னு சொன்னே. வெறும் மேக்கப்தானேன்னு..."

"மேக்கப் இல்லடா, விஷம்," என்று குச்சிகளை ஒரு பையில் வாரிப் போட்டாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு வரும்வரை அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த விஷம் முடியில் தங்கும். தன் கருவியிலேயே பார்த்துவிடலாம். அவன் தலையிலிருந்து கொஞ்சம் நறுக்கினாள். ஒப்பிட்டுப் பார்க்க, விஷம் படாத முடியும் வேண்டும். அவள் தலையில் சாயம், அது சோதனையைக் குழப்பிவிடும். இளமையாகத் தெரிய வேண்டுமென்று தம்பி மனைவியும் சாயம் பூசியிருந்தாள்.

"அப்ப பாப்பா முடியை எடுத்துக்குங்க," என்றாள் தம்பி மனைவி. "அவளை அந்த ரூம் பக்கமே விடறதில்லக்கா. எப்பவும் பூட்டியே வச்சிருப்பார்."

குழந்தை தலையைக் குனிந்து காட்டியது. "அழகா வெட்டு அத்தை."

ஆய்வுக்கூடத்தில் தம்பியின் முடியை நுனியிலிருந்து வேர்வரை பார்த்தாள். நுனி சுத்தம். வேரை நெருங்க நெருங்கத் திரையில் ஆர்சனிக்கின் கோடு ஏறிக்கொண்டே போனது. எதிர்பார்த்ததுதான், இருந்தும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் முடியை வைத்தாள். அதே இடத்தில் கோடு எழும்பியது. அவன் முடியின் துகள் ஒட்டியிருக்கும் என்று தட்டைத் துடைத்தாள், குழந்தையின் முடியைக் கழுவினாள், மறுபடி வைத்தாள். மறுபடியும் எழும்பியது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"பாப்பா அந்த ரூமுக்குள்ள வந்தாளாடா?"

"இல்லவே இல்லக்கா. சாவி என்கிட்டதான் இருக்கும். ஏன்?"

"அவ முடியிலயும் இருக்கு. அவளைத் தூக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நானும் வந்துடறேன்."



"அக்கா," என்றான். "மத்தியானம் வேலையிலேருந்து எழுந்து வந்து நான்தான் ஊட்டுவேன். என் கையால ஊட்டினாத்தான் அவ சாப்பிடுவா."