அம்சவள்ளி கேட்ட துக்கம்

குழந்தை தேவிகா அல்லூர் வாய்க்காலில் விழுந்து செத்து ஒன்பது நாளாகியும் நாகமணி அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை. எஸ்டேட்டில் போகாதவள் அவள் ஒருத்திதான். முதலில் போயிருக்க வேண்டியவளும் அவள்தான். விடியுமுன் அம்மாக்கள் செம்பனைக் காட்டுக்குப் போகும்போது ஆயாக் கொட்டகையில் விட்டுப்போகும் பதினோரு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கொட்டகைக்குப் பின்னால் ஓடும் அந்த அல்லூரில் முழங்கால் தண்ணீர்தான். இரண்டேகால் வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி நல்லசாமி விசாரித்தபோது, வேறொரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். உண்மையில் அவள் தூங்கிப்போயிருந்தாள். கால் மணி நேரம்.

கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா கிடந்தவள் கையில் ஒரு சிறுபுத்தகம் அகப்பட்டது. புத்தர் பிறந்த விசாக நாளன்று கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சீனர்கள் மேசை போட்டுச் சைவ மீஹூன் சேமியா கொடுத்தபோது, பொட்டலத்தோடு கொடுத்த தமிழ்ப் புத்தகம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் விரல் வைத்துப் படித்தாள்.

“என்னடி சொல்றாரு உன் புத்தர்?” என்றான் செல்லன். கால் ஒடிந்து வீட்டோடு இருக்கும் புருஷன்.

“துக்கம்னு ஒண்ணு இருக்காம். அத வுட்டு ஓடாம, முழுசா அறியணுமாம்.”

“இதுக்கா ராஜா வீட்ட வுட்டுப் போனாரு? நம்ம லயத்து வீட்டுல வந்து கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்போம்லா.”

அவள் சிரிக்கவில்லை. துக்கம் கேட்கப் போகிறவர்கள் தெரிந்ததையேதான் கேட்டுவிட்டு வருகிறார்கள். தான் அதைக்கூடக் கேட்கவில்லை. ஓடித்தான் போயிருக்கிறோம் என்று பட்டது.

“நா அங்க போறேன்.”

“போனா உள்ளதக் கொட்டிருவ. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? வேலையும் போயிரும், வேலைக்காகக் குடுத்த இந்த வீடும் போயிரும். அப்பறம் புத்தரு வந்து கூரை போடுவாரா?”

அப்படியும் போனாள்.

தேவிகாவின் அம்மா அம்சவள்ளி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள். கட்டிப்பிடித்து அழ வேண்டும். நாகமணிக்கு அழுகை வரவில்லை. தள்ளி உட்கார்ந்தாள். கேட்க வந்தவள் வாயைத் திறப்பதற்குள் அம்சவள்ளி கேட்டாள்.

“அப்ப நீ எங்கக்கா இருந்த?”

“தூங்கிட்டேம்மா.”

“அடிப்பாவி!” என்றாள் ஒருத்தி.

அம்சவள்ளி கத்தவில்லை. “அவ கூப்பிட்டாளா?”

“தெரியல.”

“கூப்பிட்டிருப்பா.”

நாகமணி எழுந்தாள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். ஆனால் பதற்றத்தில், தினமும் சொல்லும் வாய், “வரேம்மா” என்று சொல்லிவிட்டது.

“இன்னொரு எழவுக்கு வரப் போறியா?” பெண்கள் எகிறினார்கள்.

“வரட்டும்” என்றாள் அம்சவள்ளி. “நாளைக்கும் வா. இத்தன நாளும் தூங்குற புள்ளையத்தான் உங்கிட்ட போட்டுட்டுப் போவேன். ரெட்ட வேல பாத்துட்டு வந்து தூக்குறப்ப இருட்டிரும். எம்புள்ள பகல்ல எப்படி இருந்தாளுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். வந்து சொல்லு.”

சாயங்காலத்துக்குள் விஷயம் கிராணிக்குப் போய்விட்டது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அவள் தினமும் நாலு மணிக்குப் போனாள். தேவிகா சோற்றை இடது கையால் தின்றதைச் சொன்னாள். வேலை மேற்பார்க்கும் மண்டோர் சேதுவின் மோட்டார் சத்தம் கேட்டால் பாய்க்குள் ஒளிந்துகொண்டு, “மண்டோ போச்சா?” என்று கேட்டதைச் சொன்னாள். அதற்கு மட்டும் அம்சவள்ளி சிரித்தாள். சிரித்ததற்காக அன்று முழுக்கப் பேசவில்லை. ஒரு நாளும் நாகமணிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. நாகமணியும் அதைக் கேட்கவில்லை.

இரண்டேகால் வயதில் சொல்வதற்கு எவ்வளவு இருக்கும்? பத்தொன்பதாம் நாள் தீர்ந்துபோனது.

“அஞ்சு வரைக்கும் எண்ணுவா” என்றாள் நாகமணி.

“பொய். எம்புள்ளைக்கு ரெண்டுக்கு மேல தெரியாது.”

“ஆமா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

வெளியே பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று ஆலைக்குப் போயிற்று. சத்தம் அடங்கும்வரை அம்சவள்ளி காத்திருந்தாள்.

“நீ தூங்குறதுக்கு முன்ன அவ என்ன செஞ்சிட்டிருந்தா?”

பத்தொன்பது நாளும் அந்த இடத்தை மட்டும் நாகமணி சுற்றிக்கொண்டு போயிருந்தாள். அம்சவள்ளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மடில படுக்கணும்னு வந்து நின்னா. வேற புள்ள படுத்திருந்துச்சு. அப்பறம் வான்னு அனுப்பிட்டேன்.”