டோரிசுக்கு வைத்த பால்

உங்கள் பக்கத்து வீட்டில் ஒருவன் நாகப்பாம்பு வளர்க்கிறான் என்று தெரியவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வெள்ளைக்காரர் என்றால் பொலிசுக்கு போன் அடிப்பார்கள். எங்கள் ஆட்கள் என்றால் பால் கொண்டு வருவார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், லண்டனில் இல்ஃபோர்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், பின்னறையில் வைத்த ஒரு நாகத்தோடு, நாலு வருடமாக வாடகைக்கு இருந்தான்.

சிறி என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி ஒன்றில் உடுப்புத் துவைக்கிற பகுதியில் வேலை. அங்கே கூட வேலை செய்த லென் என்கிற கிழவனுடையதுதான் அந்தப் பாம்பு. இங்கிலாந்திலேயே முட்டையிலிருந்து வந்தது. வயலும் தெரியாது, புற்றும் தெரியாது. லென் அதற்குத் தன் மாமியாரின் பெயரை வைத்திருந்தான். டோரிஸ்.

லென்னுக்குக் கை நடுங்கும் வருத்தம் வந்தது. "கை நடுங்குகிறவன் விஷப்பாம்புக்குக் கிட்டப் போகக்கூடாது" என்று அவனே சொல்லிவிட்டான். மிருகக்காட்சிச்சாலைக்காரர் வயதுபோன பாம்பு வேண்டாம் என்றார்கள். லென்னோடு கூட நின்று பாம்பின் தொட்டியைக் கூட்டித் துடைத்த சிறிதான் மிச்சம். அவன் கவுன்சிலுக்கு எழுதி, தன் பெயரில் லைசன்ஸ் எடுத்து, டோரிசைக் கொண்டுவந்தான். அடுத்த மாரியில் லென் செத்துப்போனான்.

லண்டனில் சிறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த சீவன் அது ஒன்றுதான். அது பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல, அவன் கொண்டுவரும் செத்த எலியை என்பதும் அவனுக்குத் தெரியும். பரவாயில்லை என்று இருந்தான்.

லென் சொல்லிக்கொடுத்த சட்டங்களில் ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை. அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்றைப் பூட்டாமல் மற்றதைத் திறக்கக்கூடாது. கதவுக்குக் கீழே எறும்பும் நுழையாதபடி றப்பர் பட்டி. ஜன்னல் நிரந்தரமாக அடைப்பு. கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. டோரிஸ் தானாக அதற்குள் போனபிறகு, வெளியில் நின்று கம்பியால் பலகையைத் தள்ளி அடைத்துவிட்டுத்தான் தொட்டியைத் திறப்பது. அதுவும் தனியே ஒருபோதும் இல்லை. இரண்டு பேர் இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தான்.

இரண்டாவது ஆள் செபமாலைமுத்து. மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர்.

"ஆண்டவர் பாம்பைச் சபிச்சுக் கலைச்சு விட்டவர். நான் ஞாயிறு பூசைக்குப் போகாமல் இஞ்ச அதின்ர பீயை வழிக்கிறன். எனக்கு மோட்சம் கிடைக்குமே, சிறி?"

"முதல்ல கம்பியை நேராப் பிடியுங்கோ, முத்தண்ணை. மோட்சத்துக்கு இப்பவே போயிடுவியள்."

இவ்வளவு கவனமாக இருந்தும் பெயர் மட்டும் நல்லபடி வரவில்லை. பாட்டி வயதுள்ள பக்கத்து வீட்டு ஹாடிங் அம்மா, பாம்பை அப்புறப்படுத்தவேண்டும் என்று தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கவுன்சிலுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் சங்கத்துக்காரரோ கலைவிழாவுக்குப் பாம்பை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். "கழுத்தில போட்டுக்கொண்டு ஒரு ரெண்டு நிமிசம் நில்லும், சனம் கைதட்டும்" என்றார் செயலாளர். விஷப்பாம்பைக் கழுத்தில் போடுகிறவன் மடையன் என்று சிறி சொல்ல, "பெரிய ஆள்தான்" என்று போனை வைத்தார். ஒரு பக்கம் அவன் கொலைகாரன், மறுபக்கம் அவன் பாம்பாட்டி. பாம்பை ஒழுங்காகப் பார்க்கிறவன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆனி மாதம் கவுன்சிலில் இருந்து அறிவித்தல் வந்தது. புதன்கிழமை காலை ஒரு அதிகாரியும் மிருக வைத்தியரும் வந்து பார்ப்பார்கள். சின்னக் குறை கண்டாலும் லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லையென்றால் டோரிசை ஊசி போட்டுக் கொல்வார்கள். எடுக்க வேறு ஆள் இல்லை.

இதே நாட்களில்தான் மேல்மாடியில் இன்னொரு அந்தரம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் இராஜேந்திரனின் மனைவி வசந்தமலரின் தம்பி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, கடற்படை சுடுகிற கிளாலிக் கடலைத் தாண்டக் கிளம்பியவன். கரை சேர்ந்தானா என்று தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு போன் இல்லை. கொழும்பில் இருக்கிறவர்கள் "விசாரிக்கிறம்" என்று மட்டும் சொன்னார்கள். வசந்தமலர், நாகத்தை அணிந்திருக்கிற நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். ஆனால் நயினாதீவுக்குப் போக அப்போது எந்த வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குசினியில் சிறி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்க, அவள் வந்து நின்றாள்.

"சிறி அண்ணை, அம்மாளாச்சிக்கு ஒரு சொட்டுப் பால் வைக்கட்டே?"

"ஆர் அம்மாளாச்சி?"

"உங்கட அறையில இருக்கிறவதான்."

"அது டோரிஸ், வசந்தி. பாம்பு பால் குடியாது. குடிச்சாலும் ஒத்துக்கொள்ளாது."

"நான் பாம்புக்கெண்டு கேக்கேல்லை, அண்ணை."

"புதன்கிழமை கவுன்சில் வருது. அதுவரைக்கும் அந்தப் பக்கமே வராதையும். கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு மேலே போனாள். பாலைப் பற்றி மட்டும் சொன்னோம், புகையைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அப்போது சிறிக்கு உறைக்கவில்லை. அவனிடம் இருந்த சட்டமெல்லாம் லென்னின் சட்டம். லென் வீட்டில் கற்பூரமும் சாம்பிராணியும் கிடையாது. அதற்கு லென் சட்டம் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிந்து சிறி வர, தெருமுனையில் பொலிஸ் கயிறு கட்டியிருந்தது. வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி. சனமெல்லாம் தெருவில். ஹாடிங் அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு கமராக்காரனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு நின்றாள். நல்ல வெயிலில் போர்வை.

வசந்தமலர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நான்தான் கதவைத் திறந்தனான், அண்ணை."

தீப்பிடித்தால் உதவும் என்று, கவுன்சில் சொன்னபடி, இரண்டு கதவையும் திறக்கிற திறப்பு ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தான். அதை எடுத்திருக்கிறாள்.

"தொட்டியைத் திறந்தனீரோ?"

"ஐயோ, தொடவேயில்லை. முன்னுக்குப் பாலும் முட்டையும் வச்சு, கற்பூரம் கொளுத்தி, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டனான். அந்தப் புகை மணி அடிக்கத் தொடங்கிட்டுது. பயந்துபோய் வெளியில வந்திட்டன். உவ ஹாடிங் அம்மா ஃபயர் பிரிகேட்டுக்கு அடிச்சிட்டா."

"சாம்பிராணியை அணைச்சனீரோ?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டு கதவையும் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான், அண்ணை. நீங்கள் சொல்லுறமாதிரி. ஒண்டைப் பூட்டித்தான் மற்றதைத் திறந்தனான்."

எறும்பும் நுழையாத கதவு. அடைத்த ஜன்னல். உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கிறது. மனிதனுக்கு இரண்டு நுரையீரல். டோரிசுக்கு உருப்படியாக இருப்பது ஒன்றுதான்.

அவன் கயிற்றுக்குக் கீழால் நுழைந்து தீயணைப்பு அதிகாரியிடம் போனான். நெருப்பு இல்லை, புகை மட்டும்தான், கதவைத் திறந்துவிட்டால் போதும், பாம்பு தொட்டிக்குள் பூட்டியிருக்கிறது, நான்தான் வளர்க்கிறவன் என்று மூச்சு விடாமல் சொன்னான். அதிகாரி நல்ல மனுசன். பொறுமையாகக் கேட்டார்.

"கதவில் இருக்கிற அறிவித்தல் நீங்கள் ஒட்டியதா?"

"ஓம்."

"இரண்டு பேர் இல்லாமல் போகக்கூடாது என்று இருக்கிறது. உங்கள் மற்ற ஆள் எங்கே?"

முத்தர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். டிப்போவுக்கு போன் அடித்தால், வண்டி திரும்பி வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். தொட்டி பூட்டியிருக்கிறது என்று அந்தப் பெண் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை, பார்க்காத பாம்பிடம் என் பொடியன்களை அனுப்ப மாட்டேன் என்றார் அதிகாரி. சிறி அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

கமராக்காரன் கிட்ட வந்தான். "நீங்கள் அதைக் கும்பிடுகிறீர்களா?"

"இல்லை. வளர்க்கிறேன்."

"மகுடி வைத்திருக்கிறீர்களா? வெளியே எடுத்ததும் கழுத்தில் போட்டு ஒரு படம்?"

சிறி அவனை விட்டுத் திரும்பினான். கதவைப் பார்த்தான். பத்து எட்டு வைத்தால் கதவு. திறப்பு கழுத்தில் தொங்கியது. ஓடிப்போய்த் திறந்துவிடலாம். பொலிஸ் பிடிக்கமுதல் திறந்துவிடலாம். பிறகு நாளைக்கு அதிகாரி வந்து, தனியே உள்ளே போன ஆள் என்று எழுதுவார். அதோடு லைசன்ஸ் போகும், டோரிசுக்கு ஊசி. போகாவிட்டால் புகை. அவன் திறப்பைப் பிடித்தபடி நடைபாதைக் கல்லில் குந்தினான். எழும்பினான். திரும்பவும் குந்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக லென்னைத் தூஷணத்தால் ஏசினான்.

முத்தர் பஸ் யூனிபோமோடு ஓடிவந்தபோது தெருவில் வெயில் சாய்ந்திருந்தது.

"உள்ளுக்குப் போனியோ?"

"இல்லை. நீங்கள் இல்லாமல் எப்பிடிப் போறது?"

முத்தர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக ஒரு பகிடியும் விடவில்லை.

கதவைத் திறந்தார்கள். பூட்டித் திறந்தார்கள். அறை கோயில் மாதிரி மணத்தது. பால் செம்பு ஆடாமல் அசையாமல் இருந்தது, மேலே ஆடை படர்ந்து. டோரிஸ் மரப்பெட்டிக்குள் போகவில்லை. கண்ணாடியோடு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. படம் விரிக்கவில்லை. கம்பியால் தூக்கியபோதும் விரிக்கவில்லை. அதைக் காற்றுப்போகிற பயணப்பெட்டியில் வைத்துப் பூட்டிப் பின்வளவுக்குக் கொண்டுபோனார்கள். சிறி பெட்டிக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தான்.

"நல்ல காத்து, டோரிஸ். மூச்சை இழு. இழுடி."

மிருக வைத்தியருக்கு முத்தர் போன் அடித்தார். காற்றுப்பட விடுங்கள், சூடாக வைத்திருங்கள், நாளைக்கு எப்படியும் வருகிறேன்தானே என்றார் அவர்.

வசந்தமலர் குசினிக் கதவடியில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சிறி அண்ணை. அம்மாளாச்சி பால் குடிச்சவவோ?"

சிறி வாயைத் திறந்தான். கேட்கக்கூடாத வார்த்தை ஒன்று வர இருந்தது. முத்தர் அவன் தோளைப் பிடித்தார்.

"குடிச்சவ, தங்கச்சி" என்றார். "நீர் போய்ப் படும். தம்பி வருவான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பின்ன என்னத்தைச் சொல்ல?"

பயணப்பெட்டிக்குள் இருந்து மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது, கிழவர்களுக்கு நெஞ்சுக்குள் இழுக்கிற மாதிரி. சிறி பெட்டியின் மேல் தன் ஜக்கெற்றைப் போர்த்தினான். காற்றுத் துளைகளை மட்டும் மூடாமல் விட்டான்.

மறுநாள் காலை டோரிஸ் செத்துக் கிடந்தது. பேப்பரில், தப்பியோடிய நாகத்தால் தெருவே கலங்கியது என்று ஹாடிங் அம்மாவின் படத்தோடு போட்டிருந்தார்கள். வசந்தமலரின் தம்பியைப் பற்றிக் கொழும்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. கவுன்சில் அதிகாரி மிருக வைத்தியரோடு சொன்ன நேரத்துக்கு வந்து, இரண்டு கதவையும் பூட்டையும் றப்பர் பட்டியையும் தொட்டியையும் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.