முன் படத்துக்கு ஒரு முகம்

தெருவோர மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கியதும் சீப்புக்கு வியாபாரப் புத்தி வந்துவிடும். சீப்பு என்பது அவளுடைய பெயரல்ல. சின்ன வயதில் வீட்டில் யார் உட்கார்ந்தாலும் பின்னால் போய் நின்று தலைவார ஆரம்பித்துவிடுவாள் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். ஐம்பதைத் தாண்டி, சொந்தமாக ஒரு அழகு நிலையம் வைத்து, கண்ணாடிக் கதவில் நல்ல பெயரைப் பொன்னெழுத்தில் எழுதிய பிறகும் குடும்பத்துக்கு அவள் சீப்புதான்.

தெருமுனையில் புதிதாக முளைத்த கடை இளசுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. சீப்புக்கு மிஞ்சியவர்கள் நரைத்தவர்கள். அவர்களை நம்பித்தான் இந்த இலையுதிர் காலத்துக்கு ஒரு பலகை எழுதினாள்: 'அறுபதைத் தாண்டிய அழகிகளுக்குப் புது வண்ணங்கள்'. செம்பு, இலவங்கப்பட்டை, மாதுளை, தேன் என்று சாயம் ஏற்றிய முடிக்கற்றைகள் ஒரு அட்டையில் வரிசையாகத் தொங்கின. வந்தவர்கள் அவற்றைப் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல ஆசையாகத் தடவினார்கள். பிறகு, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா, நுனியை மட்டும் வெட்டி விடு" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தங்களைப் போன்ற ஒருத்தியை, சாயத்துக்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமுமாகக் காட்ட வேண்டும். பத்திரிகையில் சிரிக்கிற மாடலை அவர்கள் நம்பத் தயாராக இல்லை.

அப்படித்தான் அவளுக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது. ஞாபகம் வர அதிக சிரமப்பட வேண்டியதில்லை. எதிரே பேருந்து நிலையம். அதன் ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் கேட்பது அண்ணியின் குரல்தான். 'வடக்கு வழியாகச் செல்லும் பேருந்து நான்காவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது' என்று அவள் சொன்னால் ஓடுகிறவன்கூட நின்று கேட்பான். ஊருக்கே தெரிந்த குரல், ஊரில் யாருக்கும் தெரியாத முகம். மாடியில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு சீப்புக்கு உறவென்று மிச்சமிருந்தது அண்ணி ஒருத்திதான். சீப்பு இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே அண்ணியின் தலையில்தான். முதன்முதலாகக் கத்தரி பிடித்த நாளில், ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் மறுபக்கம் தோள்வரைக்குமாக வெட்டி வைத்தாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லி அந்தத் தலையோடு வேலைக்குப் போனாள்.

"நானா? படத்துக்கா?" என்று அண்ணி போனில் கேட்டாள். "என்னை வச்சு நீ கடையை மூடப் போற."

"நீங்க வாங்க அண்ணி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

விடுமுறை நாளன்று அண்ணி வந்தாள். கருநீலப் புடவை, அதற்குப் பொருத்தமாகக் காதில் கல் வைத்த தோடு, முகத்தில் மெல்லிய பவுடர். நரைத்த கூந்தலை நன்றாக வாரி, கழுத்துக்கு மேலே கொண்டையாகப் போட்டிருந்தாள். வாசனைகூடப் பூசியிருந்தாள். சீப்பு இதையெல்லாம் பார்த்தாள். பார்த்ததும் அவள் மனதில் தோன்றியது, 'ஐயோ, இவ்வளவு நல்லா இருந்தா முன் படம் எடுபடாதே' என்பதுதான்.

இது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. சாயம் போட்ட பின் எடுக்கிற படம் அழகாகத் தெரிவதில் பாதி சாயத்தின் வேலை. மீதிப் பாதி, முன் படத்தைக் கெடுப்பதில் இருக்கிறது. முகத்தைத் துடைக்கச் சொல்ல வேண்டும். தலையை நனைத்து மண்டையோடு ஒட்ட வாரிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு, தலை கழுவும் தொட்டிக்கு மேலே எரியும் டியூப்லைட்டுக்கு அடியில் நிறுத்த வேண்டும். அந்த வெளிச்சத்தில் பச்சைக் குழந்தைகூட நோயாளி மாதிரி இருக்கும். கடைசியாக, படம் எடுக்கிற நொடியில், "கேஸை அணைச்சுட்டுத்தானே வந்தீங்க?" என்று ஒரு கேள்வி. முகம் தானாகத் தொங்கிவிடும்.

சீப்பு எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். அண்ணியும் சொன்னபடி கேட்டாள். ஆனால் கேஸ் கேள்வி பலிக்கவில்லை.

"அதெல்லாம் அணைச்சாச்சு, அணைச்சாச்சு" என்று அண்ணி சிரித்தாள். "வீட்டையும் பூட்டிட்டேன். சாவி பையில இருக்கு. போதுமா?"

அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் முகம் தொங்குவதாக இல்லை. சீப்பு போனை உயர்த்திப் பிடித்தபடி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணன் இருந்திருந்தா இதைப் பாத்து என்ன சொல்லியிருப்பாரு அண்ணி?"

அண்ணியின் முகம் இறங்கியது. சீப்பு விரலை அழுத்தினாள்.

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "சரி சரி, உக்காருங்க. கலந்து வச்ச சாயம் வீணாயிடும்" என்று சீப்பு அவளை நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. வேலையை ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள், சரியாகிவிட்டது.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. நெற்றி ஓரத்தில் கறை பிடிக்காமல் கிரீம் தடவினாள். சாயம் பிடிக்காமல் அடம்பிடிக்கிற காதோர நரைக்கு முதலில் பூசினாள். செம்பும் இலவங்கப்பட்டையும் கலந்து, முன்நெற்றியில் சில வெள்ளி இழைகளை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தாள். கழுவிக் காயவைத்து, உதட்டுக்கு நிறம் பூசி, மூக்குக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, ஜன்னலோர வெயிலில் நிறுத்தினாள். அண்ணி கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏய், நல்லாத்தான் இருக்கு சீப்பு" என்று வாய் கொள்ளாமல் சிரித்தாள். அது பின் படம்.

"கடையில மாட்டிக்கட்டுமா அண்ணி?"

"மாட்டிக்கோயேன்" என்றாள் அண்ணி. எந்தப் படத்தை என்று அவள் கேட்கவில்லை. இரண்டையும் என்று சீப்பு சொல்லவுமில்லை.

இரண்டு படங்களும் ஆள் உயரத்துக்கு அச்சாகி ஜன்னலில் ஏறின. கடைக்குக் கூட்டம் வந்தது. நுனி வெட்ட வந்தவர்கள் செம்பு கேட்டார்கள். செம்பு கேட்க வந்தவர்கள் தோழிகளைக் கூட்டிவந்தார்கள். சீப்புக்கு மதியம் சாப்பிட நேரமில்லை.

அப்படி ஒரு மதியத்தில், தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா ஜன்னலைக் காட்டிக் கேட்டாள். "அந்த முதல் படத்துல இருக்கறது யாரு? அவங்க அம்மாவா?"

கடையே சிரித்தது.

"அம்மாவா? ஆஸ்பத்திரில இருந்து பாதியில எழுந்து வந்த மாதிரியில்ல இருக்கு" என்றாள் பக்கத்து நாற்காலி.

சீப்பும் சிரித்தாள். வாடிக்கையாளர்கள் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்பது பழக்கம். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, திறந்திருந்த கதவுக்கு வெளியே செம்பு நிறத்தில் ஒரு தலை தெரிந்தது. அண்ணி. கையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீர். இடைவேளையில் சீப்போடு சேர்ந்து குடிக்க வாங்கி வந்திருக்கிறாள். சாலையைப் பார்க்கிற ஜன்னலில் தன்னுடைய இரண்டு முகங்களுக்கும் முன்னால் நின்று, முதல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பார்க்கவில்லை. கோப்பைகளை வாசல் படியோரம் கவனமாக வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சாலையைக் கடந்து போனாள்.

சீப்பு கையுறையைக் கழற்றாமல் வாசலுக்கு ஓடினாள். கூப்பிட வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "வடக்கு வழியாகச் செல்லும்..." என்று ஆரம்பித்த அண்ணியின் குரல் நின்றது. பிறகு வேறொரு ஆண் குரல் அந்த வாக்கியத்தை முடித்தது.

அன்று மாலையே படங்களைக் கிழித்து இறக்கினாள். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டால் அந்த முகம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. எடுத்துச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தாள். அடுத்த சில நாட்கள் ஒலிபெருக்கியில் அந்த ஆண் குரலே கேட்டது. போன் அடித்தால் அண்ணி எடுக்கவில்லை. "முன், பின்னு இருந்துதே, அந்தம்மா படம் எங்க?" என்று வந்தவர்கள் விடாமல் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் சீப்புக்குக் காது மடல் சுட்டது.

ஒருநாள் காலை கடையைத் திறக்கிறபோது அண்ணியின் குரல் திரும்பி வந்தது. சீப்பு திறந்த கடையைப் பூட்டிவிட்டு நேரே பேருந்து நிலையத்து மாடிக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்த அறைக்கு அவள் வந்ததே இல்லை. ஒரு மேசை, ஒரு மைக், தண்ணீர் பாட்டில், கீழே நடைமேடைகளைக் காட்டும் கண்ணாடி. அண்ணி தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டியிருந்தாள். இவளைப் பார்த்ததும் எதிரிலிருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினாள்.

"படத்தை இறக்கிட்டேன் அண்ணி" என்றாள் சீப்பு.

"பாத்தேன்."

"நான் செஞ்சது தப்பு. கேவலமான வேலை. தொழில்ல எல்லாரும் செய்யறதுதான்னு... இல்ல, அதையெல்லாம் சொல்ல வரல."

அண்ணி தலைத்துணியை அவிழ்த்தாள். செம்பு நிறம் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. சீப்பு செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்த வேலை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

"இதைப் பழையபடி ஆக்கித் தரியா?"

சீப்பு இல்லையென்று தலையை ஆட்டினாள். "நரையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது அண்ணி. அதுவா வளர்ந்து வரணும். ரொம்ப நாளாகும்."

"அப்போ அதுவரைக்கும் உன்னோட பின் படமா நான் ஊருக்குள்ள நடக்கணும்" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ பேருந்து தாமதமாக வரும் என்பதுபோலச் சொன்னாள்.

சீப்பு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நக இடுக்கில் இன்னும் கொஞ்சம் செம்பு ஒட்டியிருந்தது.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு. நீ கேட்டதும் எனக்கு அவர் ஞாபகம் வந்துடுச்சு. சொல்ல வந்தேன், நீ விடல. எதுக்காக நீ அப்படிக் கேட்டேன்னு அப்ப எனக்குத் தெரியல. ஜன்னல்ல பாத்தப்பத்தான் தெரிஞ்சுது."

"அண்ணி..."

"அன்னிக்கு நீ கூப்பிட்டியேன்னு காலையில இருந்து கிளம்பிட்டிருந்தேன். எந்தப் புடவைன்னு நாலைஞ்சு எடுத்துப் போட்டேன். வாசல்ல வச்சு ஒரு தடவை கண்ணாடி பாத்துட்டுத்தான் வந்தேன். அவர் என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா? போறப்பவே நல்லாத்தானே இருக்கே, அவ எதுக்குடி உன் தலையில கையை வைக்கணும்னு கேட்டிருப்பாரு."

கீழே ஒரு பேருந்து முன்னும் பின்னுமாக அசைந்து நடைமேடையில் வந்து நின்றது. அண்ணி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மைக்கின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வடக்கு வழியாகச் செல்லும் பேருந்து நான்காவது நடைமேடையில் புறப்படத் தயாராக இருப்பதை அவள் ஊருக்கெல்லாம் எப்போதும்போல நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். சீப்பு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறைக்குள் விம்மினால் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கும்.