மாமனார் இட்ட பின்னூட்டம்

மருமகள் குடியிருப்புக்காரர்களுக்கென்று வலைப்பூ எழுதினாள். லிஃப்ட் பழுது, தண்ணீர் வராத நாள், குழந்தைக்குப் பல் முளைத்தது எல்லாம் அதில் வரும். தன் பெயரைப் போடமாட்டாள்.

"வீட்டுச் சமாசாரத்தைக் கடை பரப்பறியே, யாரும்மா இதைப் படிப்பாங்க?" என்றார் மாமனார்.

"அடுத்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்த்தா சண்டைக்கு வருவாங்க மாமா. நானே திறந்து வச்சா, நம்ம வீட்டுக் கூத்துதான் அங்கேயும்னு நிம்மதியாப் படிக்கிறாங்க. வெளியூர்க்காரங்ககூட."

எல்லாம் எழுதியவள் நாத்தனாரைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. கணவனின் அடி பொறுக்காமல் பெரியவரின் மகள் தப்பி வந்திருந்தாள். அவன் கண்ணில் படாதிருக்கத்தான் குடும்பமே ஊர்விட்டு இங்கே வந்தது.

அன்று குழந்தையைப் பற்றிய பதிவின் கீழே, 'பழைய தெருக்காரன்' என்ற பெயரில் ஒரு வரி: "இந்த வீட்டுப் பெண் எவனோடோ ஓடிவிட்டாளாமே? அந்த வெட்கத்தில்தான் அப்பன் ஊரைக் காலி செய்தாராம்."

பெரியவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ரயில் நிலைய அதிகாரியாக இருந்த காலத்திலும் ஒருவருக்கும் தலைகுனியாதவர். மருமகளின் கணினி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினார்.

"என் மகள் ஓடவில்லை. என் வீட்டில், என் கண்முன்னே தலைநிமிர்ந்து இருக்கிறாள்."

கீழே தம் முழுப் பெயரையும், குடியிருப்பின் பெயரையும், கதவு எண்ணையும் இட்டார். மொட்டைக் கடிதாசிக்காரன்போல் ஒளிந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை.

கடைக்குப் போயிருந்த மருமகள் திரும்பி வந்து பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"மாமா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

அழிப்பதற்குள் பதில் வந்திருந்தது.

"நன்றி மாமா. இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

பதிவில் இருந்த குழந்தையின் செல்லப் பெயரை வைத்தே, மகளின் கணவன் இந்த ஊர்வரை மோப்பம் பிடித்து வந்திருந்தான்.

மகள் அழவில்லை. இரண்டு புடவைகளைப் பையில் திணித்தாள். அண்ணிதான் வண்டிக்குச் சொன்னாள்.

"நான் இருக்கும்போது எவன் உன்னைத் தொடுவான்? உட்காரு!"

"அன்னிக்கும் இதையேதாம்பா சொன்னீங்க, அவன்கிட்ட திரும்பிப் போன்னு அனுப்பறப்ப."

"எங்கேம்மா போறே?"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேம்பா. யாராவது சீண்டினா கௌரவத்துக்காகச் சொல்லிடுவீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருமகளும் கூடவே இறங்கினாள். பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நாற்காலியில் அமர்ந்தார்.

இருட்டும் முன்பே கதவு தட்டப்பட்டது. மெதுவாக, மிக மரியாதையாக.

"மாமா, நான்தான். மாப்பிள்ளை."